வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் பட்டை

வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் சேர்த்துத் தைத்தால், பின்பக்கம் மிஞ்சுகிற தையல் ஓரத்தைக் கறுப்புப் பக்கமாகச் சாய்த்துத்தான் இஸ்திரி போட வேண்டும். வெள்ளைப் பக்கம் சாய்த்துவிட்டால், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது வெள்ளைக்கு அடியில் அழுக்குக் கோடு மாதிரி கறுப்பு தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு போர்வைக்காக நான் தைத்த முதல் கட்டத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைப் பிரித்துக் கொடுத்தது என் தம்பி.

அப்போது நாங்கள் இரண்டு பேரும் ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி அறையில் குடியிருந்தோம். ரயில் போனால் மெஷின் மேல் வைத்த ஊசிப் பெட்டி நடுங்கும். அப்பா எப்போதோ போய்விட்டார். எண்பத்தெட்டில் போராட்டத்தால் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிக் கிடந்த மாதங்களில் அம்மாவும் காய்ச்சலில் போனாள். தம்பிக்கு அப்போது பத்து வயது. எனக்கு இருபதைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது நான், எனக்குச் சோறு போட்டது காலால் மிதிக்கிற அந்தத் தையல் மெஷின். தியாகம் கியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். செய்ய வேண்டியிருந்தது, செய்தேன். கல்யாணம் வேண்டாம் என்று நான் சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் தம்பியை எங்கே விடப்போகிறாய் என்று கேட்டார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அறைக்குள் தமிழ்தான். தெருவில், பள்ளிக்கூடத்தில், வேலையில் அவன் வாயில் முழுக்கப் பர்மிதான் ஓடும். வீட்டில் பர்மியில் ஏதாவது கேட்டால் எனக்குக் காது கேட்காது. தமிழில் திருப்பிக் கேட்கும்வரை பானைக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். அவன் சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறுவான். அந்த வருஷங்களில் அவனோடு ஒரு வார்த்தை பர்மியில் பேசியதில்லை நான்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் குளிர்காலம் தொடங்கும்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் பர்மாக்காரி. லான்மடாவில் அவளுடைய அப்பாவுக்குக் குடைக் கடை. கீழே கடை, மேலே வீடு. இவன் அந்தக் கடைக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்து, கடைசியில் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போகிறான். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பெண் நல்லவள், என்னை 'மமா' என்று கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். அதோடு தம்பி எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்.

"படிக்கட்டுப் பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்குக்கா. ஜன்னல் தெருவைப் பாத்து இருக்கு. ஒன் மிசினை அங்க போட்டுக்கலாம். அவங்க அப்பாகிட்ட பேசிட்டேன். நீயும் எங்களோடதான்."

"நான் எதுக்குடா அங்க? புதுசாக் கட்டிக்கிட்டவங்க நடுவுல நந்தி மாதிரி."

"நீ இல்லாம நான் எங்கக்கா போவேன்?" என்றான்.

மேலுக்குத்தான் வேண்டாம் என்றேன். அன்று ராத்திரியே மனசுக்குள் அந்த ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். சொந்தக் கூரைக்காக நான் ஏங்கியதில்லை. அவன் சாப்பிடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் எனக்கு ஒரு மூலை வேண்டும், அது போதும் என்று இருந்தது.

கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது? நகை போடுகிற நிலைமை எனக்கு இல்லை. நான் வேலை பார்த்த தையல் கூடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போர்வைகள் தைத்துக்கொண்டிருந்தோம். துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக ஒட்டித் தைக்கிற போர்வை. முதலில் வந்த மாதிரிகள் எல்லாம் பூவும் நட்சத்திரமுமாகக் கண்ணைப் பறித்தன. அந்த வருஷம் சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டினார்கள். ஒரே வெள்ளை. வெள்ளைக்கு நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒல்லியாக இரண்டு கறுப்புக் கோடு, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, கொஞ்சம் கோணலாக. இந்தக் காலத்துப் போர்வை இப்படித்தானாம். வேலை தெரியாதவள் தைத்ததைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தைக்கத் தைக்கத்தான் எனக்கு அது பிடித்துப் போயிற்று. பூப்போட்ட துணியில் தையல் பிசகினால் பூ மறைத்துவிடும். இதில் மறைக்க ஒன்றுமே இல்லை.

அந்தப் போர்வையைத் தம்பிக்குத் தைப்பதென்று முடிவு செய்தேன். வெள்ளைத் துணி வாங்கினேன். கறுப்புக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வழி சொன்னது தம்பிதான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னது அவன்தான்.

பர்மாவில் பெண்கள் கட்டும் லுங்கிக்குத் தமெய்ன் என்று பெயர். அதன் மேல் ஓரத்தில், இடுப்பைச் சுற்றி வருகிற இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குள் ஒரு கறுப்புப் பருத்திப் பட்டை தைத்திருக்கும். எங்கள் அம்மாவும் கோயிலுக்குத்தான் சேலை கட்டுவாள். மற்ற நாள் எல்லாம் தமெய்ன்தான். அவளுடைய தமெய்ன்களைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். பூப்போட்ட பாகம் எல்லாம் நைந்து கையோடு வந்தது. கறுப்புப் பட்டை மட்டும் திடமாக இருந்தது.

"அம்மாவோட பட்டையையே வையேன்க்கா" என்றான் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. பர்மாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? ஆம்பிளைக்குப் போங் என்று ஒரு மகிமை உண்டு, பெண்ணின் தமெய்ன் தலைக்கு மேலே வந்தால் அது குறைந்துவிடும் என்பார்கள். மாடிவீட்டுக்காரர்கள்கூடத் தமெய்னைத் தாழ்ந்த கொடியில், பின்பக்கமாகத்தான் உலர்த்துவார்கள். ஆம்பிளை அதன் கீழே குனிந்து போகமாட்டான். "போங் போயிடும்டா ஒனக்கு" என்றேன்.

"அம்மாவுது அப்பிடி இல்லக்கா. சண்டைக்குப் போறவன் அம்மா தமெய்ன்ல ஒரு துண்டு கிழிச்சு எடுத்துக்கிட்டுப் போவானாம், குண்டு படாதாம். இங்க உள்ளவங்களே சொல்வாங்க. பெத்தவளுது காவல். அதுலயும் இது மேல்பட்டை, இடுப்புக்கு மேல உள்ளது."

"கல்யாணத்துக்குக் கறுப்பா?"

"இந்த ஊர்ல எல்லாப் பொண்ணும் இடுப்புல கறுப்பைச் சுத்திக்கிட்டுத்தான் கல்யாணம் பண்றா. ஒருத்தியும் கெட்டுப் போவல."

இப்படி வாயால் பந்தல் போடுவான் அவன். எனக்கும் ஆசைதான், மறுக்கவில்லை. அம்மா முகம்கூட நாளாக ஆக அவனுக்கு மங்கிப் போயிருந்தது. அவளுடைய துணி தன்மேல் கிடக்க வேண்டும் என்று பிள்ளை கேட்கிறான். எந்த அக்கா வேண்டாம் என்பாள்? அதோடு தையல்காரியாகவும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வெள்ளையோடு கறுப்பைச் சேர்க்கும்போது பெரிய பயமே சாயம்தான். புதுக் கறுப்பு முதல் அலசலிலேயே வெள்ளையில் இறங்கிவிடும். அம்மாவின் பட்டைகள் ஆயிரம் தடவை கல்லில் அடித்துத் துவைத்தவை. போக வேண்டிய சாயம் எல்லாம் அவள் இருக்கும்போதே போய்விட்டது. மீதி இருந்தது போகாத கறுப்பு.

ஒரு கட்டம் தைப்பது இப்படி. அட்டையில் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு வெள்ளைத் துணியை அந்த அளவுக்கு வெட்ட வேண்டும். பிறகு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு, அதன் நடுவே கொஞ்சம் சாய்வாகக் கத்தரிக்க வேண்டும். அழகான சதுரத்தை வேண்டுமென்றே வெட்டுவதற்கு முதல் தடவை கை வராது. இரண்டாகப் போன வெள்ளைக்கு நடுவே அம்மாவின் துணியிலிருந்து ஒரு அங்குலத்துக்கு வெட்டிய கறுப்புப் பட்டையை வைத்து, இரண்டு ஓரமும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால், அந்தக் கால் அங்குலங்களைத் தையல் தின்றுவிட்டு அரை அங்குலக் கோடு மிஞ்சும். தையல் ஓரத்தைக் கறுப்புப் பக்கம் சாய்த்து இஸ்திரி. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம், கரிப்பெட்டிதான். கரித்தூள் வெள்ளையில் விழாமல் இருக்க ஊதுவதைக்கூட வாசலில் போய்ச் செய்துவிட்டு வருவேன்.

அடுத்ததில்தான் சூட்சுமம். கட்டத்தைத் திருப்பி, குறுக்கே இன்னொரு தடவை வெட்ட வேண்டும். இந்த வெட்டு முதல் கறுப்புக் கோட்டையும் இரண்டாக்கிவிடும். நடுவில் இரண்டாவது பட்டையைச் சொருகித் தைக்கும்போது, அறுபட்ட முதல் கோட்டின் இரண்டு பாதியும் நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். கண்மதிப்பில் வைத்தால் நிற்காது. ஒரு பாதி கொஞ்சம் மேலே, ஒரு பாதி கொஞ்சம் கீழே, முறிந்து கட்டுப்போட்ட கை மாதிரி இருக்கும். கோடு போகிற திசையை அளவுகோல் வைத்துப் புதுப் பட்டையின் மேல் சுண்ணக்கட்டியால் நீட்டிக் காட்டி, அந்தக் கோட்டில் குண்டூசி குத்தி வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். கடைசியில், கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய சதுரக் கண்ணாடியை மேலே வைத்து ஓரங்களைச் சீராக்கினால் ஒரு கட்டம் ஆயிற்று.

நான் நிறையப் பிசகினேன். பிசகியதை எல்லாம் வேலை விட்டு வந்த தம்பி சாயங்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரிப்பான். இந்த வேலையில் அவனுக்குக் கை சுத்தம். பிளேடால் ஒரே இழுப்பாக இழுத்துத் துணியைக் கீறமாட்டான். இடையிடையே ஒரு தையலை ஊசிமுனையால் நெம்பி அறுத்துவிட்டு, மறுபக்கம் நூலைப் பிடித்து இழுப்பான். நூல் முழுசாக வரும். பட்டை மடிந்து கசங்கக்கூடாது என்று நான் கத்துவேன் என்பதால், பிரித்த பட்டையை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து அதில் சுற்றி, சுருளை உருவி எடுத்து, பிரித்த அதே நூலால் ஒரு கட்டுப் போட்டு எனக்குத் தள்ளிவிடுவான்.

"அக்கா, நீ தைக்கிறதைவிட நான் பிரிக்கிறது ஜாஸ்தி. கூலி எனக்குத்தான் தரணும்."

"ஒன் பொண்டாட்டிகிட்ட கேளு. அவதானே போத்திக்கப் போறா."

"அம்மா எங்க ரெண்டு பேரையும் போத்துவா" என்றான். அவன் வாயால் சொன்ன வார்த்தை அது. நான் மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கட்டங்களை எல்லாம் ஒட்டி, பின்னால் வெள்ளைத் துப்பட்டி ஒன்றை வைத்து, ரங்கூன் குளிருக்கு இது போதும் என்று நடுவில் பஞ்சு வைக்காமல், கட்டத்துக்குக் கட்டம் மூலையில் கையால் முடிச்சுப் போட்டு முடித்தேன். விரித்தபோது அறையே பெரிதான மாதிரி இருந்தது. நான் செய்தவற்றில் அதைப்போல ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தற்பெருமைதான், இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் லான்மடாவுக்குப் போனோம். மேல் வீட்டில் தரையில் பாய் விரித்து உட்கார வைத்து, ஊறுகாய்த் தேயிலையும் வெறுந்தேநீரும் வைத்தார்கள். நான் போர்வையைப் பிரித்துக் காட்டினேன். பெண் கையைத் தட்டிச் சிரித்தாள். பெண்ணின் அம்மா ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். பெண்ணின் அப்பா, பாவம், சந்தோஷமான மனிதர், "மாப்பிள்ளைக்கு முன்னால் நான் போர்த்திப் பார்க்கிறேன்" என்று எடுத்துத் தோளோடு தலையோடு போர்த்திக்கொண்டார். குளிரில் நடுங்குகிற மாதிரி நடித்தார். எல்லாரும் சிரித்தோம்.

"கறுப்பு ரொம்ப மிருதுவாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள்?" என்று பெண்ணின் அம்மா பர்மியில் கேட்டார்.

எங்கே வாங்கினேனா? என் வாய் சும்மா இருக்குமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பர்மியில் சொன்னேன். வாங்கவில்லை, எங்கள் அம்மாவின் தமெய்ன் பட்டை, இவனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று வைத்தேன்.

பெண்ணின் அப்பா போர்வையைத் தலையிலிருந்து இறக்கினார். வீசி எறியவில்லை; மெதுவாக, கொதிக்கிற சட்டியை இறக்குவது மாதிரி இறக்கித் தரையில் வைத்துவிட்டு, கையால் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு உடனே புரிந்தது. பெற்ற தாயின் துணி பிள்ளைக்குத்தான் காவல். சம்பந்திக்கு அது யாரோ ஒரு பெண்ணின் தமெய்ன், அதுவும் செத்துப்போனவளுடையது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பெண்ணின் அம்மா தம்பியைப் பார்த்துக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "உனக்கு இது தெரியுமா மகனே?"

நான் தம்பியைப் பார்த்தேன். பயம் இல்லாமல்தான் பார்த்தேன். அவன் சொல்வான் என்று இருந்தேன். நான்தான் கேட்டேன் அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அது போதும். அவன் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும், அவனை அவர்களுக்குப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கூட மறந்திருப்பார்கள்.

"மதிபூ, கம்யா" என்றான்.

தெரியாது என்று அர்த்தம். கம்யா என்பது பெரியவர்களிடம் பேசும்போது ஆண்கள் சேர்க்கிற மரியாதைச் சொல். அதை மறக்காமல் சேர்த்தான். பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது" என்று அதையும் பர்மியில், அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

எனக்குக் காதுக்குள் ரயில் போவது மாதிரி இரைந்தது. பிறகு நான் என்ன சொன்னேன், எப்படி மன்னிப்புக் கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. கேட்டேன். அவன் செய்ததற்கும் சேர்த்து நானே கேட்டேன். அவனைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும், நாக்கு நுனியில் நின்றது, விழுங்கினேன். கல்யாணம் நிற்கக்கூடாதே.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னே?"

"ஆனாடெ, அக்கா" என்றான்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். எதிரில் இருக்கிறவர் மனசு நோகுமே என்று கூசுவது, அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. நல்ல குணம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர்கள் மனசு நோகுமே என்று கூசியவனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒரு மனசு இருந்தது தெரியவில்லை. எனக்கு முன்னால் கூச வேண்டிய அவசியம் இல்லை போலும். நான் வீட்டு ஆள்.

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா, நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்" என்றான். பூசி மெழுகினான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. புத்த பிக்குகளுக்குச் சாப்பாடு போட்டார்கள், எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. படிக்கட்டுப் பக்கத்து அறையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. தம்பி தன் துணிமணியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்து மெஷினைத் தூக்கிப் போகிறேன் என்றான். அடுத்த வாரம் வந்து, அந்த அறையில் இப்போதைக்குக் குடைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள் என்றான். நானும் நம்பினேன். மெஷினின் தோல் பட்டையைக் கழற்றிச் சுருட்டி, ஊசி நூல் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடி, கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். தைக்க வேண்டி வந்தபோது திரும்பப் பட்டையை மாட்டினேன். வெயில் காலம் வந்தது. அவன் வருவது குறைந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் மத்தியானம் அவன் மனைவி மட்டும் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. பையை இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக நீட்டினாள்.

"மமா, உங்கள் போர்வை எங்கள் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது. வீணாக்க மனசு வரவில்லை. அதனால் கறுப்பை மட்டும் எடுத்துவிட்டுப் புதுக் கறுப்பு வாங்கி வைத்துவிட்டோம். உங்கள் அம்மாவின் துணி உங்களிடம் இருப்பதுதான் முறை."

"யார் தைத்தது?" என்று கேட்டேன்.

"மார்க்கெட்டில் ஒரு தையற்காரர்."

"பிரித்ததும் அவர்தானா?"

"ஆமாம், எல்லாம் அவர்தான்" என்றாள். யாரோ சொல்லி அனுப்பியதைச் சொல்கிற குரல் அது.

அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, பையைப் பாயில் கொட்டினேன். அம்மாவின் பட்டைகள் எல்லாம் இருந்தன. ஒன்றில்கூடப் பிளேடு பட்ட காயம் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருளாக, பிரித்த நூலாலேயே கட்டப்பட்டிருந்தது.

ஒரு சுருளை எடுத்து, நடுவில் இருந்த ஓட்டையில் என் இரண்டு விரலை விட்டேன். தொளதொளவென்று இருந்தது. அது அவனுடைய விரல் அளவு.

அவ்வளவு பட்டைகளையும் பிரிக்க எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பான்? பின் துப்பட்டியைக் கழற்றி, நான் கையால் போட்ட முடிச்சை எல்லாம் அவிழ்த்து, கட்டம் கட்டமாக, தையல் தையலாக. ஒரு வார்த்தை சொல்வதற்கு முதுகெலும்பு இல்லாதவனுக்கு இதற்குப் பொறுமை இருந்திருக்கிறது. அந்த வீட்டில் தெரியாது என்று சொன்னதைக்கூட நான் எப்படியாவது செரித்திருப்பேன். பயத்தில் வாய் தவறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இது வாய் தவறியது இல்லை. உட்கார்ந்து, நிதானமாக, அம்மாவையும் என்னையும் அழகாகப் பிரித்துச் சுருட்டி அனுப்பியிருக்கிறான். கசங்காமல் வேறு. எனக்கு அழுகை வரவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் போய், அறையைக் காலி செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதுக் கறுப்பு என்று அவள் சொன்னபோதே எனக்குத் தெரியும். ஊறவைத்துச் சாயம் பார்த்தீர்களா என்று கேட்கலாம் என்று இருந்தது. கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஒருநாள் காலையில் தம்பி மூச்சிரைக்க மாடியேறி வந்தான். கையில் வாளி, வாளிக்குள் போர்வை. தோய்க்கப்போட்டதும் சாயம் இறங்கிவிட்டதாம். எடுத்து விரித்துக் காட்டினான். அந்த வெள்ளை எல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. கோடு ஒவ்வொன்றும் கண்மை கரைந்த மாதிரி இரண்டு பக்கமும் கசிந்திருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே இருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. மார்க்கெட் தையற்காரர் தையல் ஓரத்தை எல்லாம் வெள்ளைப் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்.

"அவ அழுவுறாக்கா. மாமியாரும் வருத்தப்படுறாங்க. ஒனக்கு இதெல்லாம் தெரியுமே. என்ன பண்ணா போவும்?"

எனக்குத் தெரியும். ஈரம் காய்வதற்குள் பிடித்துவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் கறுக்கக் கறுக்க மாற்றி, நாள் முழுக்க விடாமல் அலசினால் பாதிக்கு மேல் வெளுத்துவிடும். ஒரு தடவை உலர்ந்துவிட்டால் சாயம் அங்கேயே உட்கார்ந்துவிடும், அதற்குமேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவன் கையில் இருந்தது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. என் கை தன்னால் வாளிப் பக்கம் போயிற்று. பிள்ளையாக இருந்தபோது அவன் சட்டையை வாங்க நீளுகிற அதே கை. அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மதிபூ, ஷின்" என்றேன்.

ஷின் என்பது பெண்கள் வெளி ஆளிடம் பேசும்போது சேர்க்கிற மரியாதைச் சொல்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். சொட்டச் சொட்டப் போர்வையை மடித்து வாளிக்குள் வைத்தான். வாசல் வரைக்கும் போய் நின்று, தமிழில் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் படியிறங்குகிற சத்தம் நின்ற பிறகு எழுந்து, தரையில் சொட்டியிருந்த கறுப்புத் தண்ணீரைத் துடைத்தேன்.